வெள்ளம் முதலில் நுழையும் சேரிக்குக் காப்பீடு ஏன் வருவதில்லை?

2019 டிசம்பர் 2ஆம் நாள் அதிகாலை. மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தொடர்மழையில் ஊறிப்போன 20 அடி உயரக் கருங்கல் சுற்றுச்சுவர் ஒன்று சரிந்து, அதன் அடியில் இருந்த ஓட்டு வீடுகளின் மீது விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த தலித் மக்கள் 17 பேர் மாண்டனர். அது தங்களைப் பிரித்து நிறுத்த எழுப்பப்பட்ட தீண்டாமைச் சுவர் என்று அப்பகுதி மக்கள் குற்றம் சாட்டினர். சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். உயிரிழந்தோர் குடும்பங்களுக்கான நிதியைத் தமிழக அரசு 10 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. அதன் பிறகு எழுந்த விவாதம் முழுவதும் சாதியைப் பற்றியும், சட்டத்தைப் பற்றியும், அரசின் பொறுப்பைப் பற்றியும் நடந்தது. நடக்க வேண்டியதும் அதுவே.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் அன்று எவராலும் கேட்கப்படவில்லை. நசுங்கிப்போன அந்த வீடுகளுக்குக் காப்பீடு இருந்ததா? இப்படிக் கேட்பதே அபத்தமாகத் தோன்றும். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவரின் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அடுத்த கேள்வி காப்பீடு பற்றியதாக இருக்கிறது. சேரியில் சுவர் இடிந்தால் அடுத்த கேள்வி நிவாரணம் பற்றியதாக இருக்கிறது. ஒன்று உரிமையாகக் கோரப்படுகிறது. மற்றொன்று வரிசையில் நின்று பெறப்படுகிறது. இந்தப் பிரிவினை எவ்வாறு உருவாயிற்று, காப்பீட்டுப் பத்திரத்தின் எந்தெந்த வரிகளில் அது ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்ப்பதே நம் நோக்கம்.

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பெயரில் ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டுத் திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீடுகளுக்கான தீ மற்றும் இயற்கைப் பேரிடர்க் காப்பீட்டை வழங்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் இதனைக் கட்டாயம் விற்க வேண்டும். நிறுவனம் எதுவாயினும் அடிப்படை வாசகம் ஒன்றே. அதற்கு முன்பிருந்த பத்திரங்களோடு ஒப்பிட்டால் இது வீட்டுக்காரருக்குச் சாதகமானது. புயல், வெள்ளம், நீர் சூழ்தல், நிலச்சரிவு, நிலம் உள்வாங்குதல், தண்ணீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தோ நிரம்பி வழிந்தோ உண்டாகும் சேதம் ஆகியவை தனியே பணம் கட்டாமலேயே இதில் அடங்கும். வெளியிலிருந்து வந்து மோதும் பொருளால் ஏற்படும் சேதமும் அடங்கும். அதற்கு எடுத்துக்காட்டாகப் பத்திரமே வாகனம், மரம், விமானம் ஆகியவற்றோடு சுவரையும் குறிப்பிடுகிறது. ஆம், சுவர். நடூருக்கு ஒன்றரை ஆண்டுகள் கழித்து வந்த ஒரு பத்திரத்தில், அந்த மக்களைக் கொன்ற பொருளின் பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பத்திரம் எத்தனை சேரி வீடுகளில் இருக்கிறது என்று எவரும் தேடிப் பார்க்கத் தேவையில்லை.

நீரால் விளையும் சேதத்தில் எது அடங்கும், எது அடங்காது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஏனெனில் மறுப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

வெளியிலிருந்து பெருக்கெடுத்து வீட்டுக்குள் புகும் தண்ணீர் வெள்ளம் ஆகும். அதற்கு இழப்பீடு உண்டு. மாடியிலுள்ள தொட்டி உடைந்தோ குழாய் வெடித்தோ வீடு நனைந்தால் அதற்கும் உண்டு. ஆனால் கூரையில் நாளடைவில் உண்டான கசிவு, சுவரில் ஏறும் ஓதம், காலப்போக்கில் பெயர்ந்து விழும் காரை, கட்டுமானக் குறையால் நேரும் விரிசல் ஆகியவற்றுக்கு இல்லை. இவை தேய்மானம் அல்லது பராமரிப்பின்மை என்று வகைப்படுத்தப்படும். எளிதில் புரியும் பிரிவினைதான். நல்ல சிமெண்ட்டில், நல்ல கம்பியில், மேற்பார்வையோடு கட்டப்பட்ட வீட்டுக்கு இது நியாயமாகவும் இருக்கக்கூடும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒப்பந்தக்காரர் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன தொகுப்பு வீட்டுக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். அந்த வீட்டின் மேற்கூரையில் கம்பி வெளியே தெரிகிறது. முதல் மழைக்கே சொட்டத் தொடங்கும். அந்த வீட்டுக்குள் இடுப்பளவு வெள்ளம் புகுந்து வடிந்த பின் மதிப்பீட்டாளர் வந்து நின்றால், எந்தக் கறை வெள்ளத்தால் வந்தது, எந்தக் கறை இருபது ஆண்டுக் கசிவால் வந்தது என்று எழுதும் பேனா அவர் கையில் இருக்கிறது. கட்டியவரின் குற்றம் குடியிருப்பவரின் பராமரிப்பின்மையாகக் கணக்கில் ஏறும் வழி இதுவே.

அடுத்தது வீட்டினுள் இருக்கும் உடைமைகள். கட்டடத்தோடு சேர்த்துப் பொதுவான வீட்டு உடைமைகளுக்கும் காப்பீடு எடுத்தால், கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடு வரை, அதிகபட்சம் 10 இலட்சம் ரூபாய்க்கு, தனிப் பட்டியல் தராமலேயே அவை காக்கப்படும். வாடகை வீட்டில் இருப்பவர் உடைமைகளுக்கு மட்டும் தனியாகவும் காப்பீடு எடுக்கலாம். இது பலருக்கும் தெரியாத செய்தி. வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போனால் மாற்றிடத்தின் வாடகையும், இடிபாடுகளை அகற்றும் செலவில் ஒரு பகுதியும் கிடைக்கும். வெள்ளத்தால் வீட்டை விட்டு முகாமுக்குச் சென்றிருக்கும்போது, ஏழு நாட்களுக்குள் அதே நிகழ்வின் விளைவாக நேரும் திருட்டும் அடங்கும். கணவன் அல்லது மனைவி அதே பேரிடரில் இறந்தால் ஒருவருக்கு 5 இலட்சம் ரூபாய் என்ற விபத்துக் காப்பீட்டை விருப்பத்தின் பேரில் சேர்த்துக்கொள்ளலாம்.

அடங்காதவற்றைப் பாருங்கள்: ரொக்கப் பணம், வாகனம், எவ்வகை ஆவணமும். ஆடு, மாடு, கோழி வீட்டு உடைமைக் கணக்கில் வாரா. பெட்டியிலிருந்த சாதிச் சான்றிதழும், மகளின் மதிப்பெண் பட்டியலும், நத்தம் பட்டாவும், அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்த நூறு நாள் வேலைக் கூலியும், கொட்டிலில் கட்டியிருந்த இரண்டு ஆடுகளும்தான் ஒரு தலித் குடும்பத்தின் சொத்து என்றால், அந்தச் சொத்து முழுவதும் பத்திரத்துக்கு வெளியே நிற்கிறது. சோபாவும் தொலைக்காட்சியும் அலமாரியும் உள்ளே நிற்கின்றன. யாரோ தீய எண்ணத்தோடு இப்படி எழுதினார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. யாருடைய வீட்டை மனத்தில் வைத்து எழுதினார்கள் என்பதைத்தான் சுட்டுகிறோம்.

இனி மிக முக்கியமான வரி. மரப்பலகை, ஓலை, புல், வைக்கோல், மூங்கில், நெகிழித்தாள், துணி, தார்ப்பாய் போன்றவற்றால் ஆன சுவரோ கூரையோ கொண்ட கட்டடம் 'கச்சா' கட்டுமானம் என்று வரையறுக்கப்படுகிறது. காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக இத்தகைய வீடுகளை ஏற்க விரும்புவதில்லை. இந்த வரையறையை ஊன்றிப் படித்தால் ஒன்று விளங்கும். பட்டியலில் உள்ளவை எல்லாம் எளிதில் தீப்பற்றும் பொருட்கள். நெருப்பைக் கண்டு அஞ்சிய காலத்தில், தீக் காப்பீட்டுக்காக எழுதப்பட்ட வரையறை இது. 1988இல் ஒன்றிய அரசு கிராமப்புற ஏழைகளுக்காகக் குடிசைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தபோதும் அது தீ விபத்தை முன்னிறுத்தியே வகுக்கப்பட்டது. குடிசை என்றால் எரியும் என்றே அதிகாரத்தின் கற்பனை நின்றுவிட்டது. அது நனையும், கரையும், மிதந்து போகும் என்பது கணக்கிலேயே வரவில்லை. இன்று காப்பீட்டுத் துறை கவலைப்படுவது வெள்ளத்தைப் பற்றி; ஆனால் வெள்ளத்தில் முதலில் மூழ்கும் வீட்டை வெளியே நிறுத்துவது தீக்காக எழுதிய வரி.

இந்த வரையறையில் நமக்குப் பயன்படும் பக்கம் ஒன்றும் உண்டு. ஓட்டுக் கூரையோ கல்நார்க் கூரையோ கொண்ட செங்கல் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. நடூரில் நசுங்கியவை ஓட்டு வீடுகள். வாசகத்தின்படி அவை கச்சா அல்ல. 'உங்கள் வீட்டுக்கெல்லாம் காப்பீடு கிடையாது' என்று முகவர் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்பினால், மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் தரும்படி கேட்க வேண்டும். எழுத்தில் வராத மறுப்பை எந்த மன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது.

காப்பீடு இல்லாவிட்டால் என்ன, அரசு நிவாரணம் இருக்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு 2022இல் திருத்தி வெளியிட்ட, 2026 வரைக்குமான விதிமுறைகளைப் படித்தால் அதே ஏணிப்படிகள் அங்கேயும் தென்படும். சமவெளியில் முழுமையாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 விழுக்காடு சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய். கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். குடிசைக்கு, அது முழுவதும் அழிந்தாலும், 8,000 ரூபாய். துணிமணிக்கு 2,500, பாத்திரபண்டங்களுக்கு 2,500. ஓலையும் மண்ணும் நெகிழித்தாளும் கொண்டு கட்டியது, கச்சா வீட்டைவிடத் தாழ்ந்தது, தற்காலிகமானது என்று குடிசைக்கு விளக்கம் வேறு தரப்பட்டிருக்கிறது. மூன்று தலைமுறை வாழ்ந்த இடம் எப்படித் தற்காலிகமாகும் என்று அந்த விளக்கத்தை எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். மிக்ஜாம் புயலுக்குப் பின் 2023 டிசம்பரில் தமிழக அரசு குடிசைக்கான தொகையை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியது. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது 10,000 ரூபாய் அறிவித்தது. உயர்வு உயர்வுதான். ஆயினும் இன்றைய விலையில் கீற்றும் மூங்கிலும் வாங்கி, ஆள் வைத்துக் கூரை வேய அது எந்த அளவுக்குப் போதும் என்பதைக் கூரை வேய்ந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த விதிமுறைகளில் ஒரு குறிப்பு இருக்கிறது. சேதமடைந்த வீடு, தகுதியுள்ள அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட அங்கீகரிக்கப்பட்ட கட்டுமானமாக இருக்க வேண்டும் என்கிறது அது. ஓடைப் புறம்போக்கிலும், ஏரிக்கரையிலும், மேய்ச்சல் நிலத்திலும் பட்டா இல்லாமல் வாழும் மக்களின் தலைக்கு மேல் இந்தக் குறிப்பு தொங்குகிறது. மனமிருக்கும் வட்டாட்சியர் இதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். மனமில்லாதவர் இதையே காட்டிக் கைவிரிக்கலாம். உரிமை என்பது ஓர் அலுவலரின் மனத்தைப் பொறுத்து அமைந்துவிடுகிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை மாவட்டத்தில் முகாம்களிலும் நிவாரணப் பட்டியல்களிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டது பல உண்மையறியும் குழுக்களால் பதிவு செய்யப்பட்டதே. பட்டியலை யார் எழுதுகிறார், எந்தத் தெருவில் நின்று எழுதுகிறார் என்பதில்தான் நிவாரணத்தின் சாதி தீர்மானிக்கப்படுகிறது.

சேரி ஏன் தாழ்நிலத்தில் இருக்கிறது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி; ஊரின் கழிவுநீரும் மழைநீரும் வடிந்து சேரும் இடத்தில் நம் வாசல். நகரங்கள் இந்த வழக்கத்தைக் கைவிட்டதாகச் சொல்லிக்கொண்டே அதைக் கான்கிரீட்டில் வார்த்தன. சென்னையின் கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். அவை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகள். 2015 வெள்ளத்துக்குப் பின் 'ஆற்றங்கரையில் ஆபத்து' என்று சொல்லி வெளியேற்றப்பட்டவர்கள், மழைக்காலத்தில் தண்ணீர் சூழும் வேறோர் இடத்தில் குடியமர்த்தப்பட்டனர். அந்த 2015 வெள்ளத்தில் காப்பீட்டு நிறுவனங்களிடம் குவிந்த கோரிக்கைகள் 4,000 கோடி ரூபாயைத் தாண்டின. தொழிற்சாலைகள், கடைகள், கார்கள் ஆகியவையே அதில் பெரும் பங்கு. அதே நீரில் மூழ்கிய ஆற்றங்கரைக் குடிசைகளின் இழப்பு அந்தக் கோடிகளில் ஒரு ரூபாயாகவும் சேரவில்லை, ஏனெனில் காப்பீட்டுக் கணக்கில் அவை வீடுகளே அல்ல. வாரியக் குடியிருப்புகளிலோ, ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் இருக்கிறது. விற்பனைப் பத்திரம் வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகின்றன. கட்டடத்துக்கு யார் காப்பீடு எடுப்பது? வாரியமா, குடியிருப்பவரா? இந்தக் கேள்விக்கு வாரியம் தெளிவான பதில் சொல்ல வேண்டும். அதுவரை தரைத்தளத்தில் வாழ்வோர் தம் உடைமைகளுக்காவது தனியே காப்பீடு கோரலாம்.

ஏழைகளுக்குக் காப்பீடு சாத்தியமில்லை என்று சொல்லி இந்தப் பேச்சை முடித்துவிட முடியாது. அரசு காப்பீட்டுக்குப் பணம் தரும் நாடுதான் இது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் கட்டுவது காரிப் பருவ உணவுப் பயிருக்கு 2 விழுக்காடு, ராபிப் பருவத்துக்கு 1.5 விழுக்காடு, மீதிப் பிரீமியத்தை ஒன்றிய, மாநில அரசுகள் ஏற்கின்றன. மருத்துவத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடு இருக்கிறது. ஆக, உயிருக்கு உண்டு, உடலுக்கு உண்டு, பயிருக்கு உண்டு. வீட்டுக்கு மட்டும் இல்லை. ஒரே மழையில் வயல் மூழ்கினால் நிலமுடையவரின் நெல்லுக்கு அரசு மானியத்தோடு கூடிய காப்பீடு இருக்கிறது. அந்த வயலில் கூலி வேலை செய்பவரின் வீடு அடுத்த வாய்க்காலின் கரையில் மூழ்கிக் கிடக்கிறது. அதற்கு இல்லை. உழவருக்குக் கொடுப்பதை நாம் குறை சொல்லவில்லை, அது இன்னும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். நிலம் உள்ளவரின் இழப்பைப் பொது இழப்பாகவும், நிலமற்றவரின் இழப்பை அவரவர் தலையெழுத்தாகவும் பார்க்கும் பழக்கம் திட்டங்களின் வடிவத்திலேயே பதிந்திருக்கிறது என்கிறோம்.

2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 இலட்சம் ரூபாய். 2030க்குள் 8 இலட்சம் வீடுகள் இலக்கு. குடிசையில்லாத் தமிழகம் என்பது அதன் முழக்கம். பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டமும் நடைமுறையில் உள்ளது. இந்த வீடுகள் கான்கிரீட் கூரை கொண்டவை. கச்சா என்ற தடை இவற்றுக்கு இல்லை. பயனாளியின் பெயரும் இடமும் பரப்பளவும் அரசின் பதிவேட்டிலேயே இருக்கின்றன. பாரத் கிருஹ ரக்ஷா பத்திரத்தைப் பத்து ஆண்டுகள் வரை ஒரே தடவையில் எடுக்க முடியும். காப்பீட்டுத் தொகை நிலத்தின் விலையைப் பொறுத்தது அன்று, அதே பரப்பை மீண்டும் கட்டும் செலவைப் பொறுத்தது. ஆண்டுதோறும் 10 விழுக்காடு தானாகவே உயரும். 360 சதுர அடி வீட்டுக்கு ஆண்டுப் பிரீமியம் சில நூறு ரூபாயைத் தாண்டாது. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே பத்தாண்டுப் பத்திரத்தையும் அரசு தன் செலவில் கொடுப்பதற்கு என்ன தடை? நாம் அறிந்தவரை ஒன்றே ஒன்றுதான்: எவரும் கேட்கவில்லை. இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை.

கான்கிரீட் கூரை இல்லாதவர்களை என்ன செய்வது? இங்கே வேறு வழி தேவை. நாகாலாந்து அரசு 2024இல் பேரிடர்களுக்காக மாநிலமே காப்பீடு எடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. மழை ஓர் அளவைத் தாண்டினால், வீடு வீடாக மதிப்பீடு செய்யாமலேயே நிறுவனம் அரசுக்குப் பணம் தரும் ஏற்பாடு அது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் எந்த வீடு பக்கா, எந்த வீடு கச்சா என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லை. பட்டாவும் கூரையும் கேட்காத காப்பீடு என்றால் அதன் அடிப்படை மழைமானியாக இருக்க வேண்டும். ஆனால் பணம் அரசின் கருவூலத்தோடு நின்றுவிடாமல் குடிசைக்காரரின் கணக்குக்கு நேராகச் செல்லும்படி விதி எழுதப்பட வேண்டும். இல்லையேல் மீண்டும் அதே பட்டியல், அதே தெரு.

காப்பீட்டைப் பற்றிப் பேசுவதே அரசைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் செயல் என்று நம் தோழர்களில் சிலர் கருதுகிறார்கள். இந்த ஐயத்தை நாம் மதிக்கிறோம். மருத்துவத்தில் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய பணம் காப்பீட்டின் வழியே தனியாருக்குப் போன கதையை எல்லோரும் அறிவர். தாழ்நிலத்தில் குடியமர்த்தியது அரசு. வடிகாலைத் தூர்வாராதது அரசு. ஆகவே இழப்பை ஈடுசெய்ய வேண்டியதும் அரசே. அதில் மாற்றுக் கருத்தில்லை. தீண்டாமைச் சுவரை இடிக்க வேண்டிய கடமைக்கு எந்தப் பத்திரமும் ஈடாகாது. வேண்டுமென்றே சேரிக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டால் அது முதலில் குற்றவழக்கு, பிறகுதான் இழப்பீட்டுக் கோரிக்கை. வன்கொடுமையில் அழிக்கப்பட்ட வீட்டை அரசுச் செலவில் செங்கல் வீடாகக் கட்டித்தர வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்பு விதிகளே சொல்கின்றன. காப்பீட்டுத் தொகை கிடைத்தது என்பதைக் காரணம் காட்டி அதைத் தட்டிக்கழிக்க இடம்தரக் கூடாது. இத்தனையும் சொன்ன பிறகும், 8,000 ரூபாய்க்கும் 3.5 இலட்சம் ரூபாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் மக்கள் கந்துவட்டிக்குத்தான் விழுகிறார்கள் என்ற உண்மை அப்படியே நிற்கிறது.

ஏற்கெனவே காப்பீடு வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. வங்கியில் வீட்டுக் கடன் வாங்கிய அரசு ஊழியர், ஆசிரியர், துப்புரவுப் பணியாளர் பலருக்குக் கடனோடு சேர்த்துக் காப்பீடும் எடுக்கப்பட்டிருக்கும், பிரீமியம் பிடித்தமாகியிருக்கும், பத்திரம் மட்டும் கைக்கு வந்திருக்காது. மழைக்காலத்துக்கு முன் வங்கிக்குச் சென்று அதன் படியைக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்துக்கு மட்டுமா, உடைமைகளுக்கும் சேர்த்தா என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டடத்துக்கு மட்டுமே இருக்கும்; வங்கிக்குத் தன் கடன் திரும்பினால் போதும். இன்றே வீட்டின் கூரையையும் சுவர்களையும் கைப்பேசியில் படம் எடுத்து, ஊரில் இல்லாத உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பழைய கசிவு என்று எழுதப்படும்போது அந்தப் படமே சாட்சி.

தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் கழுவத் தோன்றும். கழுவும் முன் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும், கெட்டுப்போன பொருட்களையும் படம் எடுக்க வேண்டும். நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி, அதன் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். இழப்பைக் கண்ட நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கோரிக்கைப் படிவத்தைத் தர வேண்டும். ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று ஆணையம் 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. வெள்ளத்தில் எல்லாம் போன பின் இரசீது கேட்பவரிடம் இதை எடுத்துக்காட்டலாம். மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் படியெடுத்துத் தரும்படி கேளுங்கள். நிறுவனம் மறுத்தாலோ, எழுத்துப்பூர்வமான முறையீட்டுக்கு ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 இலட்சம் ரூபாய் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். அம்பேத்கர் படிப்பகங்களில் ஒரு மாலை ஒதுக்கி, இளைஞர்கள் இந்த விண்ணப்பங்களை எழுதித் தருவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்ளலாம். சாதிச் சான்றிதழுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் எழுதித் தருபவர்கள்தானே அவர்கள்.

எஞ்சியிருப்பது கோரிக்கை எழுப்பும் இடம். அக்டோபர் 2ஆம் நாள் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடும். வடகிழக்குப் பருவமழை அதற்கு இரண்டு மூன்று வாரங்களில் தொடங்கிவிடும். அரசுத் திட்டத்தில் கட்டிய வீடுகளுக்கு அரசுச் செலவில் பத்தாண்டுக் காப்பீடு, நத்தம் அல்லாத இடங்களில் வாழ்வோருக்குப் பட்டா, குடிசைகளின் பெயர்ப்பட்டியலை மழைக்கு முன்பே சபையில் படித்து ஒப்புதல் பெறுதல் ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். தலைவரோ செயலரோ ஏற்க மறுத்தால், மறுப்பையும் அதே புத்தகத்தில் எழுதச் சொல்லி, அந்தப் பக்கத்தின் படியை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.